பாட்டை மட்டும் நறுக்கி எடுக்காதீர்கள்

1950, 60களின் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுகளைப் பாதுகாக்கும் காப்பகங்களுக்கும், அவற்றை டிஜிட்டலாக்கும் கூடங்களுக்கும்,

வணக்கம். பழைய பல்சுவை நிகழ்ச்சி ஒன்று கையில் கிடைத்தால், பாட்டுகளைத் தனித்தனித் துண்டுகளாக எடுத்துவிட்டு இடையிலுள்ள அரட்டையைக் கழித்துக்கட்டுவது வழக்கமாகிவிட்டது. வீட்டு விருந்து போலவே அமைத்துப் பாட்டும் பேச்சுமாக நடத்திய 'பிளேபாய்ஸ் பெண்ட்ஹவுஸ்' போன்ற நிகழ்ச்சிக்கு அப்படிச் செய்தால் கையில் மிஞ்சுவது தோல்தான், சுளை போய்விடும்.

1959 அக்டோபர் 24 அன்று சிகாகோவின் டபிள்யூபிகேபி தொலைக்காட்சி நிலையத்தில் தொடங்கியது அது. லிஃப்ட் மேலே ஏறும், கதவு திறக்கும், 'பிளேபாய்' இதழை நிறுவிய ஹியூ ஹெஃப்னர் கேமராவையே விருந்தாளியாக நினைத்து வரவேற்பார். புகைக்குழாயும் கையுமாக அவர் நிற்கும் விறைப்பைப் பார்த்தால் வீட்டுக்காரர் போலவே இருக்காது. பெண்கள் பலரை அலங்காரப் பொருளாகவே உட்கார வைத்திருப்பார்கள். அதையெல்லாம் நாங்கள் பூசி மெழுக வரவில்லை. ஆனால் முதல் நிகழ்ச்சியிலேயே கறுப்பினப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலும் வெள்ளை விருந்தாளிகளுக்கு நடுவே சமமாக இருந்தார்கள். கறுப்பினக் கலைஞர் பாடுவது அன்றைய தொலைக்காட்சிக்குப் புதிதல்ல. பாடி முடித்த பிறகும் அதே சோபாவில் உட்கார்ந்து பேசியதுதான் புதிது. இனப்பாகுபாடு நிலவிய அமெரிக்கத் தென் மாநிலங்களின் நிலையங்கள் பல இந்த நிகழ்ச்சியைத் தொடாததற்கும் அதுவே காரணம். கோல் அன்று பாடவில்லை, பேச மட்டுமே செய்தார். பாட்டை மட்டும் நறுக்கினால் அவர் அடியோடு காணாமல் போவார்.

இனி வேலைக்கு வருவோம். கையிலிருப்பது 2 அங்குல குவாட்ரப்ளெக்ஸ் டேப் (அக்காலத்து வீடியோ டேப் வகை) என்றால், எடுத்த எடுப்பில் ஓட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் டேப்பைப் பிளேடால் வெட்டித்தான் ஒட்டினார்கள். காய்ந்த ஒட்டு ஒன்று நிமிடத்துக்கு 14,400 முறை சுழன்று டேப்பைப் படிக்கும் ஹெட்டில் மோதினால் ஹெட்டும் போகும், டேப்பும் போகும். கையால் மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு ஒட்டையும் பார்த்து, பசை விட்டிருந்தால் புதிதாக ஒட்டுங்கள். பழைய டேப் என்றதும் அதன் பிசுபிசுப்பைப் போக்க அடுப்பில் சூடாக்க ஓடுபவர்கள் உண்டு. பிசுபிசுப்பு பெரும்பாலும் 1970களுக்குப் பிந்தைய டேப்புகளின் நோய். 1959 டேப்பை அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சுடாதீர்கள்.

ஓட்டும்போது படத்தில் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால் பட்டையின் அகலத்தை எண்ணுங்கள். நான்கு ஹெட்டுகளும் படத்தைக் கிடைவரிகளாக, முறை வைத்து ஆளுக்குப் பதினாறு வரி போல எழுதுகின்றன. எனவே பதினாறு வரிக்கு ஒருமுறை சாயல் மாறினால் ஹெட்டுகளின் சமநிலை தவறியிருக்கிறது என்று பொருள். அதை இயந்திரத்திலேயே சரிசெய்யுங்கள். பிறகு மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

மென்பொருளைப் பற்றியே இன்னொன்று. படத்தில் துள்ளும் புள்ளிகளை, அதாவது இரைச்சலை, நீக்கும் கருவிக்குச் சிகரெட் புகையும் இரைச்சலும் ஒன்றுதான். முந்தைய ஃப்ரேமோடு ஒப்பிட்டு அசைவதைத் துடைக்கப் பார்க்கும். விளைவு, ஹெஃப்னரின் குழாய்ப் புகை காற்றில் பஞ்சுபோல் உறைந்து நிற்கும். ஒலியிலும் அதே கதை. கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி உரசும் சத்தம், பின்னால் இருவர் முணுமுணுப்பது எல்லாம் அழுக்கென்று அடித்துச் செல்லப்படும். அவை போனால் விருந்து ஸ்டுடியோ ஆகிவிடும். மூலக் கோப்பில் இந்தக் கருவி வேண்டவே வேண்டாம்.

நொடிக்கு 60 ஃபீல்டுகளையும் (ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேமின் பாதி வரிகள்) அப்படியே வையுங்கள், 24 ஃப்ரேமாகக் குறைக்காதீர்கள். மிஞ்சியிருப்பது கினஸ்கோப் படச்சுருள் (தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்த ஃபிலிம்) மட்டும் என்றால் அந்த 60 ஃபீல்டின் அசைவு ஏற்கெனவே போய்விட்டது, அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. 4:3 படத்தை அகலத்திரைக்காக வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போகும். சோபாவுக்குப் பின்னால் நிற்பவர்களுக்குத் தலை இருக்காது.

உரிமச் சிக்கலால் ஒரு பாட்டை வெளியிட முடியாவிட்டால் அந்தப் பாட்டை மட்டும் மௌனமாக்குங்கள். அதை ஒட்டி வரும் பேச்சில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய டேப்புகளைப் பெயர்த்தெடுக்கும் தொழிலில் இருப்பவர்கள்