கட்டுகஸ்தோட்டைக்கு ஒரு பதில் கடிதம்

ஹற்றன்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கல்யாணப் பேச்சு கைகூடியதை மூன்று பக்கம் எழுதிவிட்டு, மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்ற பயொப்சி (சதைப் பரிசோதனை) முடிவைக் கடைசிப் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் சொல்லியிருக்கிறாய். கொட்டகலைக் கலாசாலையில் நாம் ஒன்றாகப் படித்த காலத்திலும் பெரிய சமாசாரத்தை நீ இப்படித்தான் கடைசியில் சொல்வாய். சம்பந்தி வீட்டாரைப் பற்றி ஆறுதலாக எழுதுகிறேன். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சைக்குப் போவதா, மார்பையே எடுத்துவிடுவதா, நான் ஏன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டிருக்கிறாயே, முதலில் அதற்கு வருகிறேன்.

பயத்தில்தான் எடுத்துவிட்டேன் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் விஷயத்தில் முடிவு செய்தது ஹற்றன் வீதி. கட்டியை மட்டும் எடுத்தால் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கண்டிக்குப் போய்க் கதிர் பிடிக்க வேண்டும் என்றார்கள். அது ஆனி, ஆடி மழைக்காலம். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பஸ் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்டியில் தங்குவதற்கு எனக்கு உறவுக்காரர் வீடு கிடையாது. என் மாமியாரோ அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். கதிரை இடையில் விட்டுவிடுவேன் என்று எனக்கே தோன்றியது. விட்டால் என்ன ஆகும் என்பதையும் படித்திருந்தேன். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் பெறாதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் அதே மார்பில் நோய் திரும்பியது, கதிர் பெற்றவர்களில் 14 பேருக்குத்தான் திரும்பியது என்று அமெரிக்காவில் பேர்னாட் ஃபிஷர் நடத்திய ஆய்வு 2002இல் சொன்னது. அதே ஆண்டு இத்தாலியில் வெரொனேசியின் ஆய்வும் இருபது ஆண்டு முடிவை வெளியிட்டது. முழு மார்பை எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் பெற்றவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள் என்பதில் இரண்டு ஆய்வும் ஒத்துப்போகின்றன.

ஆகவே டொக்டர் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் பஸ் கட்டணமும், லீவும், வீட்டில் சமைக்க ஆள் இருப்பதும் இல்லாததும் அந்த ஆய்வுகளின் கணக்கில் வராது. நீ கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறாய், டவுன் பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கலாம். இப்போது பல இடங்களில் மூன்று வாரத்தில் பதினைந்து முறையோடு முடித்துவிடுகிறார்கள், பலனும் குறைவில்லை. உனக்கு எத்தனை முறை என்று கேள். என் முடிவு எனக்குச் சரியாக இருந்தது என்பதற்காக நீயும் அதையே செய்ய வேண்டாம். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கட்டியை மட்டும்தான் எடுத்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு விளக்கிய டொக்டர் நல்ல மனிதர். ஒரு தாளில் படம் வரைந்து, இரண்டு வழியையும் பொறுமையாகச் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் நின்ற உதவியாளர் அவ்வளவையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “அம்மா, முழுசா எடுத்துப் போடுறதுதான் நல்லதாம்” என்றார். டொக்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை. எனக்குச் சிங்களம் தெரிந்ததால் டொக்டரிடமே திருப்பிக் கேட்டேன். எனக்கு அடுத்ததாக இருந்த கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குச் சிங்களம் தெரியாது. அவளுக்கும் அதே ஒரு வரிதான் கிடைத்திருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுவதில்லை. உன் சிங்களம் என்னுடையதைவிட நல்லது, என்றாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போ. நாம் கலங்கியிருக்கும்போது பாதிதான் காதில் விழும்.

“இந்த வயதில் அது எதற்கு?” என்று உன் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். என் நாத்தனார் சொன்னார். பதில் சொல்லாதே, ஆனால் அந்தப் பேச்சை வைத்து முடிவெடுக்காதே. எடுத்த இடத்தை நான் பல மாதம் கண்ணாடியில் பார்க்கவில்லை. சேலைக்குள் வைக்கப் பஞ்சில் ஒன்று தைத்தேன். எடையில்லாததால் அது கழுத்துவரை ஏறிவிடும். பிறகு நடுவில் ஒரு பிடி கடுகை மூட்டையாகக் கட்டி வைத்துத் தைத்தேன், சரியாக நின்றது. மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் புளித்த வாடை வரும், அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்க வேண்டும். பேரன் அதை எடுத்துப் பந்து விளையாடிய கதையை நேரில் சொல்கிறேன்.

நீ கேட்காத ஒன்றுதான் எனக்கு மார்பைவிடப் பெரிய தொல்லை. மார்பிலிருந்து நோய் முதலில் பரவும் இடமான அக்குள் நிணநீர்க் கணுக்களை எனக்கு மொத்தமாக எடுத்துவிட்டார்கள், வலது பக்கம். கை வீங்க ஆரம்பித்தது. ஓய்வு பெறும்வரை கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியவில்லை. பிள்ளைகளும் பலகையின் நடுவிலிருந்து வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். தண்ணீர் வாளி தூக்குவதில்லை, அந்தக் கையில் அட்டை கடித்தால்கூடப் பயம், சீழ் பிடித்தால் வீக்கம் ஏறும். நீல மருந்து செலுத்தி முதல் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்து, அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றை விட்டுவிடும் முறை இருக்கிறது. உனக்கு அது பொருந்துமா என்று அறுவைக்கு முன்பே கேள். மார்பை எடுத்துவிட்டால் கதிரே வேண்டியிருக்காது என்றும் நம்பிவிடாதே. எனக்கு ஒரு கணுவில்தான் நோய் இருந்தது, அதனால் தப்பினேன்; நான்கோ அதற்கு மேலோ என்றால் எடுத்த பிறகும் கதிர் கொடுப்பார்கள்.

கீமோ பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. முடி போனது, வந்தது. மாத்திரைதான் நீண்ட விஷயம். என் கட்டி ஹோர்மோனுக்கு வளரும் வகை என்பதால் அந்த ஹோர்மோனைத் தடுக்கும் தமொக்சிஃபென் மாத்திரையை ஐந்து ஆண்டுக்கு எழுதினார்கள். ஐந்து முடிந்ததும், பத்தாண்டு எடுத்தால் நோய் திரும்புவது இன்னும் குறைகிறது, ஆனால் கருப்பையில் புற்று வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது என்று விளக்கி, தொடர்வதா என்று என்னையே கேட்டார்கள். ஒரு கணுவில் நோய் இருந்ததை எண்ணித் தொடர்கிறேன். இரத்தப் போக்கு எது வந்தாலும் உடனே காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. மார்கழிப் பனியில் நடு இரவில் அந்த மாத்திரையால் உடம்பு தீயாய் எரிய நான் ஜன்னலைத் திறப்பேன். இவர் இரண்டு கம்பளியையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு முணுமுணுப்பார்.

ஒரு வாரம், இரண்டு வாரம் யோசிப்பதால் நோய் முற்றிவிடாது. பயொப்சி அறிக்கையில் ஹோர்மோன் பற்றியும் ஹெர்2 என்ற, கட்டியை வேகமாக வளரவைக்கும் புரதம் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே பார்த்து எழுது, அல்லது மகளை விட்டுப் படம் பிடித்து அனுப்பச் சொல். அடுத்த கிளினிக் எந்த நாள் என்று தெரிந்ததும் போன் எடு. காலை ரயிலில் வந்துவிடுகிறேன், நாம் மூவருமாகப் போவோம்.

அன்புடன்,
மங்களம்