ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய டனாயரும் (ட்ராய் போரில் சண்டையிட்ட கிரேக்கர்கள்) அயர்லாந்துப் புராணத்தின் ‘டூவஹா டே டனன்’ என்ற தெய்வக் கூட்டமும் ஒரே இனம் என்று ஞாயிறு இணைப்பில் படித்து வருத்தப்பட்டேன். பெயர்கள் ஒலியில் ஒத்திருக்கின்றன, சரி. உறவுக்குச் சான்று எங்கே?

டனாயர் என்ற பெயரைக் கிரேக்கர்கள் டனாவோஸ் மன்னனோடு சேர்த்துச் சொன்னார்கள். எகிப்திலிருந்து ஐம்பது மகள்களோடு ஆர்கோஸ் என்ற கிரேக்க நகருக்கு வந்தவன் அவன். ஒருத்தியைத் தவிர, மணநாள் இரவிலேயே கணவர்களைக் கொன்ற அந்தப் பெண்கள், பாதாளத்தில் ஓட்டைப் பாத்திரத்தில் ஓயாமல் தண்ணீர் ஊற்றுகிறார்களாம். கதை ஒருபுறம் இருக்கட்டும். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மூன்றாம் அமென்ஹோதெப்பின் கோயிலில், ஒரு சிலைப் பீடத்தில் ‘தனயு’ என்ற நாட்டின் பெயரும் கூடவே மைசீனி என்ற கிரேக்க நகரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆய்வாளர்கள் பலர் இதை டனாயரோடு இணைக்கிறார்கள்.

அயர்லாந்தில் முதலில் வழங்கியது ‘டூவஹ் டே’, அதாவது தெய்வக் குடி. கிறிஸ்தவத் துறவிகள் இஸ்ரவேலரையும் அதே பெயரால் எழுதினார்கள். குழப்பம் தீர ‘டனன்’ பின்னால் ஒட்டிக்கொண்டது என்பது ஆய்வாளர் கருத்து. ‘டனு’ என்ற தேவியின் பெயர்கூடப் பிற்காலத்தார் ஊகித்த வடிவம்தான்.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள்.

– வாசகர், திருச்சி