குருவிப் பெட்டி வெயிலைத் தாங்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவிகள் நாளில் கூடுப்பெட்டி வழங்குவது நல்ல வழக்கம். ஓட்டு வீடுகள் குறைந்துபோன தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் குருவிக்குப் பொந்து கிடைப்பதில்லை. ஆனால், கொடுக்கப்படும் பெட்டிகளில் பல மெல்லிய பிளைவுட்டில், காற்று புக வழியில்லாமல் செய்தவை. அதை மேற்குச் சுவரில் மாட்டினால், சித்திரை வெயிலில் இறகு முளைக்காத குஞ்சுகள் உள்ளேயே வெந்து செத்துவிடும்.

பலகை முக்கால் அங்குலக் கனமாவது இருக்க வேண்டும். பிளைவுட் இரண்டு மழையில் உப்பிப் பிரிந்துவிடும். வேப்பம்பலகை பூச்சி அரிக்காமல் நாள்பட நிற்கும். உள்ளளவு: அடி 5க்கு 5 அங்குலம், உயரம் 9 அங்குலம். வாசல் துளை ஒன்றேகால் அங்குல விட்டம், அடிப்பலகையிலிருந்து 6 அங்குல உயரத்தில். கூரை சரிவாக, முன்னால் 2 அங்குலம் நீண்டிருக்கட்டும். கூரைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி விட்டால் சூடு வெளியேறும். தண்ணீர் வடிய அடிப்பலகையின் நான்கு மூலையிலும் சிறு துளை போடுங்கள். துளையுள்ள பலகையின் உட்புறத்தை உளியால் குறுக்கே கீறிவிட வேண்டும். வழவழப்பாக இருந்தால் குஞ்சு ஏறி வர முடியாது. உள்ளே பெயின்ட், வார்னிஷ் கூடவே கூடாது.

வாசலுக்குக் கீழே அழகுக்கு வைக்கும் குச்சி குருவிக்குத் தேவையே இல்லை. அதில் காகம் உட்கார்ந்து குஞ்சைக் கொத்தி இழுக்கும். அமெரிக்காவில் நீலக்குருவி (புளூபேர்ட்) என்ற அந்நாட்டுப் பறவைக்குப் பெட்டி வைப்பவர்களும் குச்சி வைப்பதில்லை.

கிழக்கு அல்லது வடக்குச் சுவரில், தாழ்வாரத்து நிழலில், 8 முதல் 10 அடி உயரத்தில் மாட்டுங்கள். மின்விசிறி ஓடும் கூடத்துக்குள் வேண்டவே வேண்டாம்; இறக்கையில் அடிபட்டுச் சாகும். குருவி கூட்டமாக வாழ்வதால் ஒரே சுவரில் மூன்று பெட்டி இருக்கலாம். அணில் துளையைக் கடித்துப் பெரிதாக்கும். ஒன்றேகால் அங்குலத் துளையிட்ட தகரத்தை, விளிம்பை நன்றாக அரம் போட்டு மழுக்கி, வாசல்மேல் அடித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பொந்தில் கூடு கட்டும் இன்னொரு பறவையான குண்டுகரிச்சானுக்கு 2 அங்குலத் துளை வேண்டும். ஆனால் அந்த அளவுக்கு மைனாவும் போட்டிக்கு வரும்.

குஞ்சு பொரித்துப் பத்து நாளுக்குப் பிறகு பெட்டியைத் திறக்காதீர்கள். பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும். குஞ்சுகள் பறந்தபின் பழைய கூட்டை எடுத்தெறிந்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காய வையுங்கள். இல்லாவிட்டால் பழைய கூட்டில் தங்கும் செள்ளுப்பூச்சி அடுத்த ஈட்டுக் குஞ்சுகளையும் பிடிக்கும். இதற்காகவே ஒரு பக்கப் பலகையை ஆணி அடிக்காமல், திருகு வைத்துத் திறக்கும்படி செய்ய வேண்டும்.

பெட்டி மட்டும் போதாது. குஞ்சு வளர்வது தானியத்தால் அல்ல, புழு பூச்சியால். வீட்டருகே மருந்தடிக்காத அவரைப் பந்தலோ முருங்கையோ இருந்தால்தான் தாய்க்குருவிக்கு இரை கிடைக்கும்.

பெட்டி வழங்கும் பள்ளிகளும் அமைப்புகளும் வரும் ஆண்டு இந்த அளவுகளை உள்ளூர்த் தச்சர்களிடம் கொடுத்துச் செய்து, மார்ச் வரை காத்திராமல் தை மாதத்திலேயே வழங்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.