காணிக்கு உறுதி இருக்கிறது, வேலைக்கு இல்லை

ஸ்காபரோ, கனடா
நவம்பர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். போன ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தாயிற்று. மார்ச் இரண்டாவது ஞாயிறு வரைக்கும் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம், அதன் பிறகு ஒன்பதரை. இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும், அதனால் முதலே எழுதுகிறேன்.

அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஏலாதா, ஏலாவிட்டால் நான் ஒருத்தியே எவ்வளவு காலம் தாங்குவது என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். இந்த நாட்டில் எங்கடை சகோதரங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று முதலில் சொன்னால்தான் அது விளங்கும்.

83 கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்த ஆக்களில் கனபேர் வீட்டுக்கு மூத்த பொடியன்கள். உணவகக் குசினியில் கோப்பை கழுவி, பேஸ்மெண்ட் அறையில் நாலைந்து பேராகப் படுத்து, சீட்டுப் பிடித்து, ஏஜென்சிக்குக் காசு கட்டித் தம்பியை எடுத்தார்கள். தங்கச்சிக்குச் சீதனம் அனுப்பினார்கள். தங்கள் கலியாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். இப்போது அவர்களுக்கு அறுபது தாண்டிவிட்டது, பேரப்பிள்ளைகளும் கண்டாயிற்று. ஆனாலும் குடும்பத்தில் ஒரு பிரச்சினை வந்தால் ஐம்பது வயதுத் தம்பி "அண்ணாட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்கிறான். அண்ணாவும் ஒருத்தரையும் கேளாமல் முடிவைச் சொல்லிவிடுகிறார். கடைக்குட்டி இங்கே ஒரு அலுவலகத்தையே நடத்துவாள், ஆனால் தாய்க்குப் புற்றுநோய் என்ற செய்தி அவளுக்குத்தான் கடைசியாகப் போகும். "அவள் சின்னப்பிள்ளை, தாங்கமாட்டாள்" என்பார்கள். நடுவில் பிறந்தவருக்குத் தகவல் மட்டும் சொல்வார்கள், அபிப்பிராயம் கேட்கமாட்டார்கள். வயதுபோனவர்களைப் பராமரிக்கிற வேலைக்கு வீடு வீடாகப் போகிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளிடமும் இது தொடர்கிறது. மின்சாரக் கட்டணக் கடிதத்தை வாசிப்பது பத்து வயது மூத்த பிள்ளை. வங்கிக்குப் போன் எடுத்துத் தாய்க்காகக் கதைப்பதும், வைத்தியர் சொல்வதைத் தகப்பனுக்குத் தமிழில் சொல்வதும் அதே பிள்ளை. அதனால் பிள்ளைக்குக் கெட்டித்தனம் வருகிறது, உண்மை. ஆனால் தகப்பனுக்கு என்ன வருத்தம் என்று முதலில் அறிகிற ஆள் பத்து வயதுப் பிள்ளையாக இருக்கக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் தொலைபேசியிலாவது ஒழுங்கு செய்வார்கள், எங்கடை ஆக்கள் கேட்பதில்லை. பிள்ளை பார்ப்பதற்கென்று செஞ்சிலுவைச் சங்கம் 11 முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கிறது. குழந்தைக்குத் தொண்டையில் அடைத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் வரும். பொறுப்பைத் தலையில் வைக்கமுதல் பழக்கிவிடுகிற அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

மூத்தது பிறவியிலேயே பொறுப்பு, கடைசி பிறவியிலேயே செல்லம் என்றுதான் நாங்கள் நம்புகிறோம். 2015 இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் சேர்த்து 20,000 பேருக்கு மேல் ஆராய்ந்து பார்த்தார்கள். பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லத்தக்க தொடர்பு இல்லை என்றுதான் வந்தது. 2007 இல் நோர்வேயில் இராணுவத்துக்கு எடுக்கும்போது வைக்கிற அறிவுச் சோதனைப் புள்ளிகளைப் பார்த்தபோது மூத்தவர்களுக்குச் சராசரியாக இரண்டு மூன்று புள்ளி கூட இருந்தது. ஆனால் முதல் பிள்ளை குழந்தையிலேயே தவறிப்போய், இரண்டாவது பிள்ளை மூத்ததாக வளர்ந்த வீடுகளில் அந்த இரண்டாவது பிள்ளைக்கும் மூத்தவரின் புள்ளிதான். ஆகவே வித்தியாசம் பிறந்த வரிசையால் வந்ததில்லை, வீட்டில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த இடத்தால் வந்தது. அந்த இடத்தை நாற்பது வயதிலும் மாற்றலாம் என்பதுதான் என் எண்ணம். அதைக் கதைத்து மாற்ற ஏலாது, வேலையை மாற்றித்தான் மாற்றவேண்டும்.

இங்கே சட்டத்தில் மூத்த மகன் என்று தனி இடம் கிடையாது. ஒன்ராறியோவில் ஒருவர் நினைவிழந்து கிடந்தால், அவர் முன்கூட்டியே ஒருவரையும் நியமித்திருக்காவிட்டால், வைத்தியத்துக்குச் சம்மதம் சொல்கிற உரிமை முதலில் கணவன் அல்லது மனைவிக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் எல்லோரும் சரிசமம். அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் அரசாங்கப் பாதுகாவலர் அலுவலகம் முடிவெடுக்கும். அதனால்தான் அறிந்தவர்கள் முதலே அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக முடிவெடுக்க ஆளை நியமிக்கிற பத்திரம், எழுதி வைக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளின் பெயரைப் போட்டால் இருவரும் சேர்ந்துதான் முடிவெடுக்கலாம். தனியாகவும் முடிவெடுக்கலாம் என்று எழுதினால்தான் ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் கையெழுத்துச் செல்லும். சாட்சி இரண்டு பேர் வேண்டும், பிள்ளைகள் சாட்சியாக நிற்க ஏலாது. இது தெரியாமல் எழுதிய பத்திரம் ஆஸ்பத்திரியில் உதவாது.

அம்மாவைக் கூப்பிடுகிற விசயத்துக்கு வருகிறேன். நிரந்தரமாக எடுப்பதென்றால் அரசாங்கம் அழைக்கிற ஆக்கள்தான் விண்ணப்பிக்கலாம். கூப்பிடுகிறவர் மூன்று வருட வருமானம் காட்டி, 20 வருடத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்த வருமானத்தோடு தன் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தை மட்டும்தான் சேர்க்கலாம். பெரியண்ணாவும் நானும் சேர்ந்து காட்ட ஏலாது, ஒரு ஆள் தனியாகச் சுமக்க வேண்டும். தாய்தகப்பன் பிள்ளைகளிடம் வந்து நிற்பதற்கான சூப்பர் விசா என்றால் ஒருமுறை வந்து ஐந்து வருடம் வரை நிற்கலாம். ஆனால் அரசாங்க வைத்தியம் இல்லை. குறைந்தது ஒரு வருடத்துக்கு 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அதன் கட்டணமும் கூட, விதிவிலக்குகளும் கூட. குளிர் தொடங்கினால் நாலைந்து மாதம் அம்மா வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும், நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். அம்மா அங்கே முற்றத்தில் இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். அதனால் மிச்சக் கடிதம் முழுக்க வேலை பிரிப்பது பற்றித்தான்.

முதலில் ஒரு கொப்பி எடு. 14 நாளுக்கு எழுது: எத்தனை மணிக்கு, என்ன வேலை, எவ்வளவு நேரம். குளிக்கவார்ப்பது, மருந்து கொடுப்பது மட்டுமில்லை. பம்பஸ் முடியப்போகிறது என்று நினைவு வைத்துக் கடைக்குப் போனது, கிளினிக்கில் காத்திருந்தது, மாமிமார் எடுத்துச் சுகம் விசாரித்தபோது பதில் சொன்னது, எல்லாவற்றையும் எழுது. இரவில் எத்தனை தரம் எழும்பினாய் என்பதைத் தனியாகக் குறி. நாளுக்கு ஐந்து மணித்தியாலம் வந்தாலே கிழமைக்கு 35, மாதம் 150. இங்கே முழுநேர வேலை என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம், அதற்குக் கிட்ட வந்துவிடும். "அவள் வீட்டிலைதானே நிக்கிறாள்" என்ற கதை அந்தக் கணக்கோடு நின்றுவிடும்.

பிறகு வேலைகளை மூன்றாகப் பிரி. உன் கை அல்லது பழகிய ஒரு கை வேண்டியவை: குளிப்பாட்டல், தூக்கி இருத்துவது, கழிப்பறை. அங்கே ஒரு ஆள் வேண்டும், யாராயிருந்தாலும் சரி என்பவை: கடை, கிளினிக் வரிசை, கச்சேரி (அரசாங்கச் செயலகம்). இவற்றுக்குக் காசு கொடுத்து ஆள் பிடிக்கலாம். மூன்றாவது, உலகத்தில் எங்கிருந்தும் செய்யக்கூடியவை: லைற் பில், தண்ணீர் பில், தனியார் வைத்தியரைச் சனல் பண்ணுவது (நேரம் பதிவது), உதவிக்கு வருகிறவவின் சம்பளம், சொந்தக்காரரின் ரெலிபோன். மூன்றாவது குவியல் முழுவதும் எங்களுக்கு.

"உதவி செய்யுங்கோ" என்று மட்டும் கேட்காதே. உதவி என்று வைத்தால் நினைவு வைக்கிற வேலை உன்னிடமே நின்றுவிடும், அதுதான் ஆளைத் தின்கிறது. மருந்து சின்னண்ணாவுக்கு என்றால் முழுதாக அவருக்கு. கிளினிக் கொப்பியின் படம் அவரிடம் இருக்கும். மாத மருந்து எப்போது முடிகிறது என்று எண்ணுகிறவர் அவர், முடிய ஏழு நாள் முதலே ஆளை அனுப்புகிறவரும் அவர். முதல் மாதம் பிழைவிடுவார். நீ பாய்ந்து திருத்தினால் மருந்து திரும்ப உன்னிடம் வந்துவிடும். உயிருக்கு ஆபத்தில்லாத பிழையை விட்டுப்பிடி.

மணிக்கூடு இங்கேதான் உதவும். உங்கள் இரவு இரண்டு மணி இப்போது லண்டனில் சின்னண்ணாவுக்கு இரவு எட்டரை, இங்கே பின்னேரம் மூன்றரை. அம்மா நித்திரையில்லாமல் தனியே புலம்புகிற நேரம் எங்களுக்கு விழிப்பு நேரம். கட்டிலடியில் ஒரு போனை நிறுத்திவைத்தால் நாங்கள் முறைவைத்துக் கதைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அது பேச்சுத்துணைக்கு மட்டும். அம்மா எழும்பி நடக்கப் பார்த்தால் உன்னை எழுப்ப ஒரு மணி பக்கத்தில் இருக்கவேண்டும்.

காசு விசயம். அம்மாவின் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்குத் திற. ஒவ்வொரு மாதமும் குறித்த திகதியில் நாங்கள் போடுவோம். ஆளுக்குச் சமமாக இல்லை, வருமானத்துக்கு ஏற்றபடி. உன் மணித்தியாலங்களை, அங்கே உதவிக்கு வருகிறவவுக்குக் கொடுக்கிற மணிச் சம்பளத்தால் பெருக்கு. அதுதான் உன் பங்கு, அதை நீ கட்டியாயிற்று. தனிக் கணக்கு இல்லாவிட்டால் ஒவ்வொரு ரூபாயும் "அண்ணா தந்த காசு" ஆகிவிடும், பிறகு அண்ணா கேட்கிற கேள்விக்கெல்லாம் நீதான் பதில் சொல்ல வேண்டும். வருடத்தில் இரண்டு கிழமை எங்களில் ஒருவர் வந்து பொறுப்பெடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள் காட்டிக்கொடு, பிறகு நீ அந்த வீட்டில் நிற்காதே. நின்றால் அம்மா உன்னைத்தான் கூப்பிடுவா.

எது பிழைக்கும் என்றும் சொல்கிறேன். அம்மா பெரியண்ணாவிடம் ரெலிபோனில் "சோத்துக்கு உப்பில்லை" என்பா, பெரியண்ணா உனக்கு எடுத்து ஏசுவார். குறை கேட்டவர் அன்றைக்கே, ஏசமுதல், உன்னிடம் விசாரிக்க வேண்டும் என்று முதலே ஒத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இறங்கிய அன்றே வைத்தியரை மாற்று, மருந்தை மாற்று என்பார். வட அமெரிக்க வைத்தியர்கள் இதற்குக் "கலிபோர்னியா மகள்" என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 1991 இல் ஒரு மருத்துவ இதழிலும் வந்தது. தூரத்தில் இருந்த கவலையும் குற்றவுணர்வும் சேர்ந்துதான் அப்படிச் சத்தமாக வெளிவருகிறது. முதல் மூன்று நாள் பார்ப்பது மட்டும், முடிவு ஒன்றும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரியண்ணாவைக் கேட்காமல் எல்லாம் நடந்தால் அவர் உடைந்துபோவார். இருபது வயதிலிருந்து அவருக்கு அதுதான் உத்தியோகம். ஆகவே பெயருக்கு இல்லாமல் உண்மையான வேலை ஒன்று அவருக்கு வேண்டும்: மாதக் கணக்கும் காணிப் பத்திரங்களும்.

வீடு உனக்குச் சீதனம், ஆகவே அம்மாவும் உன் பொறுப்பு என்று சொல்லாமலே எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எங்கடை யாழ்ப்பாண வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுதி வைத்த காலத்திலேயே மகளுக்குச் சீதனம், மகனுக்கு முதுசம் (பரம்பரைச் சொத்து) என்று சொத்துக்குப் பிரிவு இருந்தது. வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்துப் பார். அம்மாவுக்குச் சீவிய உருத்து வைத்திருந்தால், அம்மா உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்று அர்த்தம். இரவில் எழும்பிச் சட்டி பிடிப்பது யார் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. 2000 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டமும் "பிள்ளைகள்" என்றுதான் சொல்கிறது, கடைசி மகள் என்று சொல்லவில்லை.

கொப்பி எழுதி முடிந்ததும் வருகிற ஞாயிறு உங்கள் இரவு ஏழரைக்கு எல்லோரும் கதைப்போம். இங்கே காலை ஒன்பது, லண்டனில் மத்தியானம் இரண்டு. ஒரு மணித்தியாலம் போதும். முதலில் நீ கதை, பிறகு சின்னண்ணா, நான், கடைசியாகப் பெரியண்ணா. அவர் முதலில் தொடங்கினால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு முடிந்துவிடும். அவரிடம் இதை நானே சொல்லிவைக்கிறேன். முடிவானதைச் சின்னண்ணா அன்றே எழுதி எல்லோருக்கும் அனுப்பட்டும், மூன்று மாதத்தில் திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா

பி.கு: மார்கழியில் பெரியண்ணா வரும்போது ரைலனோல் போத்தல் கொண்டுவருவார். அதுவும் அங்கே கிளினிக்கில் கொடுக்கிற பரசிற்றமோலும் பனடோலும் ஒரே மருந்து. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகி ஈரலுக்குக் கூடாது. சிலது ஒரு குளிசையிலேயே 500 மில்லிகிராம், சிலது 650. போத்தலைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவை.