பலா விழுந்த அன்று நீ சிரித்தது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பொங்கல் முடிந்து நீ பஸ் ஏறியதிலிருந்து நான் வாட்ஸ்அப்பில் எதைக் கேட்டாலும் கட்டைவிரல் படம்தான் வருகிறது. அதை வைத்து நீ சாப்பிட்டாயா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் போயிருந்தோம். சுற்றுப்பக்கத்து ஊர் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திருந்தது, நல்ல கூட்டம். ஒரு சின்னப் பிள்ளை அலையைப் பார்த்து அலறினான். அவனுடைய அப்பா, "பயமே கிடையாது, நீ ஆம்பளப் பையன்" என்று சொல்லிச் சொல்லித் தண்ணீரில் இறக்கினார். நல்ல மனிதர்தான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அப்பாவை அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வாரம் குட்டி போனில் பேசினான். மருமகள்தான் போட்டுக் கொடுத்தாள். பின்னால் சம்பந்தியம்மா குரல் கேட்டது. சரி, ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன், எதுவும் கேட்கவில்லை. "தாத்தாவைப் பார்க்க வரியா?" என்றால் அவனிடமிருந்து சத்தமே இல்லை. மருமகள் சிரித்துக்கொண்டே, "தலையாட்டுறான் அத்தை" என்றாள். அவன் தலையாட்டுவது நமக்குத் தெரிகிறது என்று நினைக்கிறான் பார்.

பாப்பாவிடம் சொன்னேன். அவள்தான் இப்போது சைக்காலஜி படிக்கிறாளே, பரீட்சைக்கு என்னிடம்தான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். மூன்று வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானாம். 1983-இல் விம்மர், பெர்னர் என்று இரண்டு பேர் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்ததும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அம்மா மாற்றி வைத்த இடத்தைத்தான் காட்டுகிறார்கள். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்று நினைப்பு. நாலு ஐந்து வயதில் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நாமும் செய்து பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பேத்தியை உட்கார வைத்து, இரண்டு டப்பாவும் ஒரு கடலை மிட்டாயுமாகக் கதை சொன்னேன். மாற்றி வைத்த டப்பாவைத்தான் காட்டினாள். மிட்டாயையும் தின்றுவிட்டாள்.

இன்னொன்றும் படித்துக் காட்டினாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இங்கிலாந்தில் எலிசபெத் மைன்ஸ் என்ற அம்மா, ஆறு மாதக் குழந்தையோடு தாய்மார்கள் விளையாடும்போது என்ன பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை என்ன நினைக்கிறது, எதற்கு ஆசைப்படுகிறது என்று தாய் எத்தனை தடவை சொல்கிறாள் என்று மட்டும் எண்ணவில்லை. சொன்னது பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்திருக்கிறார். பிள்ளை பொம்மையை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "போரடிக்குதா கண்ணு?" என்று கேட்டால் அது பொருந்தாத பேச்சு, தனிக் கணக்கு. பொருந்தப் பேசின தாய்மார்களின் பிள்ளைகள்தான் ஒரு வயதில் தாயை நம்பி ஒட்டிக்கொள்வது அதிகமாம்.

நான் 31 வருஷம் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எடுத்தவள். நாற்பது பிள்ளைகளில் எது காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். இன்றைக்கும் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்குகிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பெருமையில் இருந்தவள் நான்.

பாப்பா படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டு, "அண்ணன் புயலன்னிக்கு சிரிச்சது ஞாபகம் இருக்காம்மா?" என்றாள்.

எனக்கு மறக்குமா? 2011 டிசம்பர் 30. தானே புயல் விடிகாலையில் நம்ம கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் என்று பிறகு சொன்னார்கள். ராத்திரி முழுக்க நாலு பேரும் நடு அறையில் இருந்தோம். பின்கட்டு ஷீட் பிய்த்துக்கொண்டு போன சத்தத்தில் பாப்பா அழுதாள். நீ வாயே திறக்கவில்லை. காற்று நின்றதும் அப்பா தோப்பைப் பார்க்கக் கிளம்பினார். பண்ருட்டி ரோடு முழுக்க மரம், வண்டியைப் பாதியில் போட்டுவிட்டு நடந்தே போனார். இருட்டிய பிறகுதான் வந்தார். கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து, "முந்திரி ஒன்னுகூட நிக்கல. அப்பா வச்ச பலா வேரோட கெடக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது நீ சிரித்தாய். எட்டாவது படிக்கிற பையன், அப்பா அழுவதைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாய்.

நான் உன்னை அறைந்தேன். அத்தை இருந்தார்கள், மாமா இருந்தார். எல்லோர் முன்னாலும் "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொன்னேன். அதோடும் விடவில்லை. கரண்ட் வராத அத்தனை நாளும் துக்கம் கேட்பது போல வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன்.

பாப்பா இப்போது சொல்கிறாள்: "அன்னிக்கு ராத்திரி அண்ணன் பக்கத்துலதாம்மா படுத்திருந்தேன். பல்லு கிட்டிக்கிட்டு நடுங்குச்சு. குளுருதுன்னு நெனச்சு என் போர்வையையும் குடுத்தேன்." ஆறு வயசு அவளுக்கு. உன் நடுக்கமாவது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் மூன்று அடி தள்ளிப் படுத்திருந்தேன்.

அது பயம், தம்பி. பயத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும். வகுப்பில் வேறு பிள்ளை அப்படிச் சிரித்திருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்திருப்பேன். என் மனசில் அப்போது தோப்பு போன துக்கம்தான் இருந்தது, உன் மனசிலும் அதுதான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். டப்பாவைக் காட்டின அந்தப் பிள்ளைக்காவது மூன்று வயசு. எனக்கு நாற்பது.

அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கொண்டுவரவில்லை. பத்தாவதில் கணக்கில் மார்க் குறைந்தது, காலேஜ் பிடிக்காமல் மாறியது, கல்யாணப் பேச்சு, எல்லாம் நீயே முடிவு செய்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "என் பையன் எதுக்கும் என்னைத் தொல்லை பண்ண மாட்டான்" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதைச் சொன்னாலும் அம்மா வேறொன்றாகத்தான் எடுத்துக்கொள்வாள் என்று நீ ஒதுங்கிப் போனது எனக்கு உறைக்கவே இல்லை.

குட்டி அழுதால் "ஒன்னும் இல்ல" என்று சொல்லாதே. "பயமா இருக்கா?" என்று கேட்டுப் பார். இல்லை என்றால் விட்டுவிடு, "அப்ப கோவமா?" என்று கேள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவன் திருத்துவான். நீயே ஒரு பேர் வைத்து அதையே பிடித்துக்கொண்டு நிற்காதே. வாரத்துக்கு ஒரு தடவையாவது அவனோடு பேசு. இப்போது உன் பக்கத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பொங்கலுக்கு வந்த மூன்று நாளும் நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அத்தை, "மருமக ஏன் வரல?" என்று கேட்டபோது சிரித்தாய். மொட்டை மாடியில் அரை மணி நேரம் போன் பேசிவிட்டு இறங்கி வந்தபோதும் சிரித்தாய். அதற்கு நான் பேர் வைக்கப் போவதில்லை. ஒரு தடவை தப்பாகச் சொன்னவள் நான். கல்லு என்று சொன்னது தப்பு, தம்பி. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

புயலுக்கு மறு வருஷம் அப்பா வைத்த பலாவில் இந்தத் தடவை அடிமரத்திலேயே ஏழு பிஞ்சு நிற்கிறது. வைகாசியில் பழுக்கும் என்கிறார். மூன்று பேரும் வந்தாலும் வா, தனியாக வந்தாலும் வா. பின்கட்டு அறையை ஒழித்துப் பெருக்கி வைத்திருக்கிறேன். அத்தையை அந்தச் சமயம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ராத்திரி எத்தனை மணிக்கு பஸ் இறங்கினாலும் அப்பாவுக்கு ஒரு போன் போடு, வண்டி எடுத்துக்கொண்டு வருவார்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா