பதிவு செய்யாமல் விட்ட மூன்று மாதங்கள்

திருப்பூர்,
ஜூன் 2021.

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனாவால் உயிரிழந்த தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) நிவாரணத் திட்டம் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். திருப்பூரில் சிறு பனியன் நிறுவனங்களுக்கும் ஜாப் ஒர்க் கூடங்களுக்கும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. கணக்குகளைப் பார்த்துக் கொடுத்து வருபவன் நான். அந்தத் தொகை ஒரு குடும்பத்துக்குக் கிடைக்குமா என்பது, இறந்தவரை முதலாளி எந்தத் தேதியில் பதிவு செய்தார், மாதந்தோறும் அவருக்கு எத்தனை நாள் கணக்குக் காட்டினார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2020 மார்ச் 24-ஆம் தேதியிலிருந்து இரண்டாண்டுகளுக்குப் பொருந்தும் இத்திட்டத்தில், இறந்த தொழிலாளியின் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு அவரைச் சார்ந்தோருக்குப் பகிர்ந்தளிக்கப்படும். மாதத்துக்கு 1,800 ரூபாய்க்குக் குறையக் கூடாது. நாளொன்றுக்கு 400 ரூபாய் சம்பாதித்தவர் வீட்டுக்கு 360 ரூபாய் என்றால், அடுப்பு எரிய அது போதும். ஆனால், தொற்று உறுதியான நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அவர் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். முந்தைய ஓராண்டில் குறைந்தது 70 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும் அல்லது செலுத்த வேண்டியதாக இருந்திருக்க வேண்டும்.

இதில் முதல் நிபந்தனைதான் எங்கள் ஊரில் பலரை வெளியே நிறுத்தும். வேலையில் சேர்ந்த பத்து நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நடைமுறையில், 'நிற்கிறாரா, ஓடிவிடுகிறாரா என்று பார்க்கலாம்' என்று சொல்லி, டிரெயினிங் என்ற பெயரில் மூன்று மாதம் தள்ளிப்போடுவது வழக்கமாகிவிட்டது. முன்பு வேறு கம்பெனியில் இ.எஸ்.ஐ. எண் வாங்கியவர் தப்பித்துக்கொள்வார். வாழ்க்கையில் முதன்முறையாகப் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்த இளைஞரும், ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து கான்ட்ராக்டரின் கீழ் வேலை பார்ப்பவரும்தான் அகப்படுகிறார்கள். இந்தத் தாமதத்தால் முதலாளிக்கு மிச்சமாவது எவ்வளவு? 2019 ஜூலை முதல் சந்தாவில் முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு. பத்தாயிரம் ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளி கட்ட வேண்டியது மாதம் 325 ரூபாய். மூன்று மாதத்துக்கு 975 ரூபாய். அந்தக் காசுக்காகத்தான் ஒரு குடும்பம் மாதாந்திர உதவித்தொகையை இழக்கிறது.

இரண்டாவது சிக்கல் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மாதாந்திரச் சந்தாப் பட்டியலில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரே, ஊதியம் வழங்கிய நாள்கள் என்று ஒரு கட்டமும், மொத்த ஊதியம் என்று ஒரு கட்டமும் இருக்கும். நாள் சுழியமென்றால் காரணத்தைக் குறியீட்டு எண்ணால் குறிப்பிட வேண்டும். விடுப்பில் இருக்கிறார், வேலை இல்லை, வேலையை விட்டு நீங்கிவிட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. சென்ற ஆண்டு ஊரடங்கில் கம்பெனி பூட்டிக்கிடந்தபோது போட வேண்டியது 'வேலை இல்லை' என்ற எண். அடுத்த மாதமும் அதே பெயரைச் சுமப்பானேன் என்று 'வேலையை விட்டு நீங்கிவிட்டார்' என்று போட்டு முடித்தவர்கள் உண்டு. (சந்தா கட்டக் கடைசி நாளான 15-ஆம் தேதி மாலையில் அந்த இணையதளம் தவழும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும், புரிந்தாலும் ஏற்பதற்கில்லை.) ஊருக்குப் போய் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ திரும்பி வந்த தொழிலாளி தன் பழைய மெஷினிலேயே உட்கார்ந்தார், கணக்கிலோ அவர் திரும்பவே இல்லை.

அதன் விளைவு இந்த ஆண்டில்தான் தெரிகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டும் சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையிலான நோய்க்காலப் பணப்பயனுக்குத் தகுதி தருகிறது. அதாவது ஊரடங்கில் கம்பெனிகள் மூடிக்கிடந்த அரையாண்டின் கணக்குதான், இரண்டாம் அலையில் காய்ச்சலோடு படுத்தவருக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்குமா என்பதை முடிவு செய்கிறது. இதை உணர்ந்துதான் இ.எஸ்.ஐ. கழகம் அந்த அரையாண்டுக்கு மட்டும், குறைந்தது 78 நாள் சந்தா என்ற நிபந்தனையை 39 நாளாகவும், மகப்பேற்றுப் பயனுக்கான 70 நாளை 35 ஆகவும் குறைத்தது. நல்ல முடிவு. ஆனால் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்தக் கம்பெனியின் அறிவிப்புப் பலகையிலும் நான் இதைப் பார்க்கவில்லை. நோய்க்காலப் பணப்பயன் பெற்றுவரும் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொல்வதும் அந்தப் பலகைக்கு வரவேண்டிய செய்திதான்.

மருத்துவமனை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை கொரோனா சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது தேவையான முடிவே. அதனால் மற்ற நோய்களுக்கு அங்கே போய்க்கொண்டிருந்த சந்தாதாரர்கள், கழகத்தோடு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்குப் போகலாம் என்ற தகவலையாவது நிறுவனங்கள் அவர்களிடம் சேர்த்திருக்க வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் கண்காணிப்பாளர், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் போன்றோருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. பணியிடங்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 15 ஆணையின் இணைப்பில் கூறியது இவர்களுக்குத்தான் அதிகம் உதவியிருக்க வேண்டும். சில நிறுவனங்கள் அதற்காக அந்த ஜூலையில் அறிமுகமான 'கொரோனா கவச்' பாலிசியைக் குழுவாக எடுத்தன. அதன் காலம் மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதங்கள். மிக நீண்டதை எடுத்திருந்தாலும் புதுப்பிக்காவிட்டால் இந்த ஏப்ரல் இறுதியிலேயே முடிந்திருக்கும். இரண்டாம் அலை உச்சம் தொட்டது மே மாதத்தில். பி.எஃப். சந்தாதாரர் இறந்தால் கிடைக்கும் இ.டி.எல்.ஐ. (வைப்பு நிதியோடு இணைந்த ஆயுள்) காப்பீட்டின் உச்சவரம்பு ஏழு லட்சமாக உயர்த்தப்பட்டு ஏப்ரல் 28-இல் அரசாணை வெளியானதும் பலருக்குத் தெரியவில்லை. தொழிலாளி ஒரு காசும் கட்டாத காப்பீடு அது. முதலாளி கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும் என்பதால், இறந்தவர் வீட்டுக்கு நிறுவனமே படிவத்தோடு போவதுதான் முறை.

சிறு முதலாளிகளின் நிலையையும் நான் அறிவேன். ஆர்டர் ரத்தாகி, வங்கித் தவணை தவறி, சம்பளத்துக்கே கடன் வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் சொல்வது, அது முதலாளியின் பணமே இல்லை என்பதால்தான். மேலும், கான்ட்ராக்டர் கட்டவில்லை என்று பெரிய கம்பெனிகள் கைகழுவவும் முடியாது. 40-ஆவது பிரிவின்படி சந்தாவை முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளியே, அதாவது கான்ட்ராக்டருக்கு வேலை கொடுத்த கம்பெனியே, கான்ட்ராக்டரிடம் வசூலிப்பது பிறகு. மாதப் பில்லைப் பாஸ் செய்யும் முன் கான்ட்ராக்டரின் சந்தாப் பட்டியலையும் தம் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விடுபட்ட பெயர்கள் தெரிந்துவிடும்.

கழகத்துக்கு என் வேண்டுகோள் இது. 70 நாள் நிபந்தனையில் 'செலுத்த வேண்டியது' என்பதையும் ஏற்றுக்கொண்ட கழகம், மூன்று மாத நிபந்தனைக்கும் அதே தளர்வைத் தர வேண்டும். முதலாளி பதிவு செய்த நாளுக்குப் பதிலாக, சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ வருகைப் பதிவேடோ காட்டும் பணியில் சேர்ந்த நாளைக் கணக்கில் கொள்ளலாம். முதலாளியின் தவறால் பயன் இழந்த தொழிலாளிக்குக் கழகமே பயனை வழங்கிவிட்டு அந்தத் தொகையை முதலாளியிடம் வசூலிக்க 68-ஆவது பிரிவு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை இந்த நிவாரணத் திட்டத்துக்கும் பொருத்தி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், விண்ணப்பத்தோடு வரும் குடும்பத்தினரைக் கிளை அலுவலகங்கள் திருப்பி அனுப்ப வேண்டியிராது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருப்பூர்.