திரும்பும் இடத்தையும் எழுதிவை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பாய்மரப் படகுப் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். தூரம், திசை, எங்கே திசை மாற்றவேண்டும் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. எந்த நிலை வந்தால் பயணத்தைக் கைவிடுவாய், எங்கே போய் ஒதுங்குவாய் என்பதைத்தான் காணோம். அதைக் கரையில் இருக்கும்போதே எழுதிவிடு. தூக்கம் கெட்டு, வயிறு புரட்டும் நேரத்தில் யாருக்கும் நிதானம் இருக்காது. கூட வருகிறவர்களில் ஒருவர் "திங்கட்கிழமை எனக்கு வேலை" என்றால் போதும், முடிவு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். காற்றின் வேகம் எத்தனை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) தாண்டினால் கிளம்பக்கூடாது, எத்தனை மணிக்குள் பாதி தூரம் கடக்காவிட்டால் எந்தத் துறைமுகத்துக்குள் நுழைவது என்று எண்ணோடு எழுது.

அந்த எண்ணைப் போடும்போது கவனம். வானிலை அறிக்கையில் அலை 2 மீட்டர் என்றால், உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அது. நடுவில் ஒன்று 4 மீட்டருக்கும் எழும்பலாம். காற்றும் சராசரிக் கணக்குதான். திடீர் வீச்சு 40 சதவீதம் கூடுதலாக அடிக்கலாம். நீரோட்டம் காற்றுக்கு எதிராக ஓடும் நேரத்தில் அலை செங்குத்தாக எழும், துறைமுக வாயில் அப்போது மோசமாக இருக்கும். அதனால் கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்த்துப் போய்ச் சேரும் நேரத்தை முதலில் குறி, கிளம்பும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடு.

2014-இல் உலகைச் சுற்றும் பந்தயத்தில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் என்ற பாய்மரப் படகு, இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் கராஜோஸ் என்ற ஆழமற்ற பவளத் திட்டில் இரவில் ஏறிவிட்டது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். திரையில் பார்க்கும் மின்னணுக் கடல் வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு கண்ணில் படவில்லை. நல்லவேளை, எல்லோரும் உயிர் தப்பினார்கள். நீ வரைந்த கோட்டை முழுப் பெரிதாக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை நகர்த்திப் பார். சலிப்பான வேலைதான். பாதையில் மட்டும் இல்லாமல் இரு பக்கமும் பார். காற்று உன்னை ஒதுக்கித் தள்ளப்போவது அங்கேதான்.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாதே. இரவில் மேல்தளத்துக்கு வருகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டும் படகோடு பிணைக்கும் கட்டுக்கயிறும் இல்லாமல் வரக்கூடாது, உன்னையும் சேர்த்துத்தான். அவசரத்துக்கு படகிலுள்ள வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட எல்லோருக்கும் தெரியவேண்டும். நீயே கடலில் விழுந்துவிட்டால் கூப்பிடப்போவது அவர்கள்தானே.

திருத்திய திட்டத்தை எனக்கு அனுப்பு. எத்தனை மணி தாண்டியும் உன்னிடமிருந்து செய்தி இல்லையென்றால் நான் கடலோரக் காவல்படையை அழைக்கவேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடு. சொன்னபடி அழைப்பேன். கரை சேர்ந்ததும் முதல் வேலையாகச் செய்தி போடு, குளியலும் சாப்பாடும் அப்புறம்.

அம்மா